வில்மெருக்குப் பாடிய பாட்டு

தம்பி,

நேற்றும் உன் அப்பா உன் பெட்டியை நெல் மூட்டை நிறுக்கிற தராசில் தூக்கி வைத்துப் பார்த்தார். விமானத்தில் ஏற்றுகிற எடைக்குள்தான் இருக்கிறது என்பது உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் முள் ஆடி நிற்கும்வரை குனிந்து பார்த்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். ஒரே பிள்ளை கப்பலுக்குப் போகிறான் என்பதை அவரால் அப்படித்தான் சொல்ல முடிகிறது. நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலமெல்லாம், அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருகிறவளுக்காக நோயாளியின் நிலையை எழுதி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பழகியவள். அதனால் எனக்கு எழுத வருகிறது. இதைப் பேருந்து நெடுங்காட்டைத் தாண்டிய பிறகு படி. என் எதிரில் படித்தால் உன் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே பிடுங்கிக்கொண்டுவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது நீ சொன்னாய், உன் கப்பலில் பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் என்று. பெரு, ஈக்வடார், ஹோண்டுராஸ் என்று நாடுகளை நீ அடுக்கியபோது நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கை நின்றுவிட்டது. நீ கவனித்துவிட்டாய். "வில்மெர நெனச்சிட்டியாம்மா?" என்று கேட்டாய். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். வில்மெர் என்று ஒருவன் என் வார்டில் கிடந்தான், அவனுக்காக நீ ஒரு பாட்டைத் தேடிக் கொடுத்தாய், பிறகு அவன் இறந்துபோனான். உனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்போது நீ சென்னையில் கப்பல் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாய், பரீட்சை நேரம் வேறு. அதனால் போனில் ஒரு வரியில் முடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் மீதியைச் சொல்ல வேளை வரவில்லை. கப்பல் வேலைக்குப் படிக்கிற பிள்ளையிடம் ஒரு கப்பல்காரனின் சாவைப் பற்றி எந்தத் தாய் உட்கார்ந்து பேசுவாள்? இப்போது நீ போவது உறுதியாகிவிட்டது. இனிமேல் நீ தெரிந்துகொண்டு போவதுதான் நல்லது.

கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவந்த கப்பல் அது. சரக்கை இறக்கி முடித்த பிறகு, எங்கோ வெளிநாட்டில் இருந்த அதன் முதலாளி தலைமறைவாகிவிட்டார். கடன் கொடுத்தவர்கள் போட்ட வழக்கு முடியும்வரை கப்பல் நகரக் கூடாது என்று கோர்ட் உத்தரவு வந்தது. அது கடலில் நங்கூரம் போட்டு நின்றது. மண்டபத்தூர் கரையிலிருந்து பார்த்தால் துருப்பிடித்த தகரத் துண்டு மாதிரித் தெரியும். அதிலிருந்தவர்களால் கரைக்கும் வர முடியவில்லை, ஊருக்கும் போக முடியவில்லை. கோடை முழுவதும் அப்படியே கிடந்தார்கள். மண்டபத்தூர் மீனவர்கள் ஃபைபர் படகில் அந்தப் பக்கம் போகும்போது மேலேயிருந்து கயிற்றில் ஒரு வாளி இறங்குமாம். இவர்கள் அதில் கொஞ்சம் மீனும் குடிதண்ணீர் கேனும் வைத்து அனுப்புவார்களாம். கப்பலில் சில பேர் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், சில பேர் வேறு நாட்டுக்காரர்கள். அந்திக்கு மேல்தளத்தில் உட்கார்ந்து பாடுவார்கள் என்றும், காற்று கரைப்பக்கம் அடித்தால் படகில் கேட்கும் என்றும் மீனவர்கள் பிற்பாடு என்னிடம் சொன்னார்கள்.

வில்மெர் பெரு நாட்டுக்காரன். இன்ஜின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை. உன்னைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருப்பான். வயிற்று வலி வந்து அதைப் பல நாள் மறைத்து வைத்திருந்தான். சொன்னால் தன்னை மட்டும் கரையில் இறக்கிவிடுவார்கள், கப்பலுக்கு விடிவு வந்து மற்றவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது தான் இங்கே தனியாக மாட்டிக்கொள்வோம் என்று பயந்திருக்கிறான். ஒரு நாள் இன்ஜின் அறைப் படிக்கட்டில் சுருண்டு விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. படகில் கொண்டுவந்து எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது குடல்வால் வெடித்து, சீழ் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். தம்பி, இதை நர்ஸாகச் சொல்கிறேனா, தாயாகச் சொல்கிறேனா என்று பார்க்காதே. கப்பலில் உடம்புக்கு ஏதாவது வந்தால் அன்றைக்கே வாய் திறந்து சொல். வேலை போய்விடும், பெயர் கெட்டுவிடும், தனியாக இறக்கிவிடுவார்கள் என்று நினைத்து வலியைப் பொறுத்துக்கொள்ளாதே. நீ திரும்பி வந்தால் எனக்குப் போதும்.

வார்டில் அவனோடு பேச ஒருவருக்கும் வழியில்லை. அவனுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. அந்தக் கப்பலின் செகண்ட் இன்ஜினியர் ரெனே, ஹோண்டுராஸ்காரர், இங்கிலீஷ் பேசுவார். ஆனால் அவருக்குக் கரைக்கு வர எப்போதாவதுதான் அனுமதி கிடைக்கும். நான் என் போனில் மொழிபெயர்க்கிற வசதியைப் போட்டு அவன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். அவன் காய்ச்சலில் முனகியதைக் கேட்டுவிட்டு அது தமிழில், "என் வயிறு பூட்டப்பட்டுள்ளது" என்றது. அதற்கு மேல் அதை நம்பவில்லை. கையைக் காட்டி, முகத்தைப் பார்த்து, நெற்றியைத் தொட்டுத்தான் எல்லாம் நடந்தது. ஊசி போடப் போனால் அவன் என்னை, "மாமீத்தா" என்பான். வார்டு வேலைக்கு இருந்த பெண் அதைக் கேட்டு, "அக்கா, ஒங்கள மாமிங்கறான் பாருங்க" என்று சிரித்தாள். மற்ற நோயாளிகளும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவனும் வலியோடு சிரித்தான். அது அம்மாவைச் செல்லமாகக் கூப்பிடுகிற சொல் என்று ரெனே வந்த அன்றுதான் தெரிந்தது. அதன்பிறகு அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவளுக்கும் வெளிநாட்டில் வேலை பார்க்கிற தம்பி இருந்தான்.

காய்ச்சல் ஏறும்போதெல்லாம் அவன் ஒரே ராகத்தை முனகுவான். சொற்கள் தெளிவாக இருக்காது. ஒரு நாள் காலையில் அதைப் போனில் பதிவுசெய்து உனக்கு அனுப்பினேன். உனக்கு நினைவிருக்கும். வகுப்பு முடிந்ததும் நீ கூப்பிட்டு, அது ஸ்பானிஷ் பாட்டு, அந்தப் பக்கத்து நாடுகளில் எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டு என்றாய். பாட்டையும் அனுப்பி, அதன் அர்த்தத்தையும் எங்கேயோ தேடிப் பிடித்துத் தமிழில் சொன்னாய். துறைமுகத்தை விட்டுப் போகிறவன் கரையில் நிற்பவளிடம் பாடுகிறான்: கை அசைக்காதே, நீ கை அசைத்தால் நான் போவது நிஜமாகிவிடும். அவ்வளவுதான் பாட்டு. நம் ஊர்ப் பேருந்தில் டிரைவர் போடுகிற பழைய பாட்டு மாதிரி இருக்கும்மா என்று நீ சொன்னது சரிதான். கொஞ்சம் அழுகை, கொஞ்சம் கிட்டார், நடுவில் ஒரு டிரம்பெட். ஆனால் நான் அதை அவன் தலைமாட்டில் வைத்துப் போட்டபோது அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையை உன்னிடம் எப்படிச் சொல்வது? இந்த ஊரில் தான் யார் என்று ஒருவருக்காவது தெரிந்துவிட்டது என்ற பார்வை. அழுதான். அழுது முடித்து, முதல்முறையாக ஒரு டம்ளர் கஞ்சி முழுவதும் குடித்தான்.

அதற்குப் பிறகு சில நாள் நன்றாகவே தேறினான். சுதந்திர தினம் அன்று அவனைத் தலையணை வைத்து உட்கார வைத்திருந்தோம். கீழே ஆஸ்பத்திரி முற்றத்தில் கொடியேற்றி நாட்டுப் பண் பாடினார்கள். வார்டில் நாங்கள் எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றோம். வில்மெர் எங்களைப் பார்த்துவிட்டு, டிரிப்ஸ் ஏறாத கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டான். பாட்டு முடிந்தும் கையை எடுக்கவில்லை. பிறகு மெதுவாகத் தன் நாட்டுப் பண்ணைப் பாட ஆரம்பித்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. நம்முடையதைவிட நீளமான பாட்டு. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்திப் பாடினான். உட்காரப்போனவர்கள் உட்காரவில்லை. பக்கத்துப் படுக்கையில் ஒரு சொல்தா இருந்தார், பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நம் ஊரில் அந்தக் குடும்பங்கள் ஜூலையில் பிரெஞ்சு தேசிய நாளன்று கூடி அந்த நாட்டுப் பண்ணையும் பாடுவதை நீ பார்த்திருக்கிறாய். அவர் படுத்தபடியே கையை நெற்றிக்குக் கொண்டுபோய் சல்யூட் வைத்தார். வில்மெர் பாடி முடித்ததும் வெட்கப்பட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டான். அவர்கள் ஊரிலும் திங்கள்கிழமைதோறும் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்க வைத்துப் பாடச் சொல்வார்களாம், ரெனே பிற்பாடு சொன்னார். வரிசையில் நின்று குறும்பு செய்து அடி வாங்கியதை அவன் கைஜாடையில் நடித்துக் காட்டினான்.

அந்த வாரக் கடைசியில் காய்ச்சல் திரும்பியது. நஞ்சு ரத்தத்தில் கலந்துவிட்டது, சிறுநீரகம் நின்றுவிட்டது. புதுச்சேரிக்கு அனுப்பலாமா என்று டாக்டர்கள் யோசித்தார்கள். வழியைத் தாங்கமாட்டான் என்று தெரிந்தது. அவன் நினைவிழந்து கிடந்த நாளில் நான் வேறொன்றும் செய்யத் தெரியாமல் அந்தப் பாட்டைத் தலைமாட்டில் மெதுவாக ஓடவிட்டேன். மத்தியானம் போல மூச்சு நின்றது. டாக்டர் வந்து பார்த்து, நேரம் குறித்து, தலையைக் குனிந்துகொண்டு போன பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ பேருடைய கண்ணை மூடிவிட்டவள் நான். அன்றைக்கு அந்தப் பாட்டை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. அது தானாக முடியும்வரை நின்றேன்.

பிறகுதான் பெரிய கேள்வி வந்தது. உடலை அவன் நாட்டுக்கு அனுப்ப வேண்டியது கப்பல் முதலாளியின் பொறுப்பு. அந்த ஆளையே காணோம். தூதரகத்துக்கு ரெனே மெயில் மேல் மெயில் அனுப்பினார். முயற்சி செய்கிறோம், எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியாது என்று பதில் வந்தது. பிணவறைக் குளிர்பெட்டியில் எத்தனை மாதம் வைப்பது, அல்லது இங்கேயே அடக்கம் செய்துவிடுவதா? தாய்தான் சொல்ல வேண்டும். ரோசா என்று பெயர். பெருவில் ஒரு கடலோர ஊரில் பள்ளிக்கூட வாசலில் அவித்த சோளம் விற்கிறவள். ரெனே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவளை வீடியோவில் கூப்பிட்டார். இங்கே பொழுது சாய்கிற நேரம், அங்கே விடிந்திருந்தது. தடித்த கம்பளிச் சட்டை போட்ட, என்னைவிடக் கொஞ்சம் வயதான பொம்பளை. அழுது அழுது கண் வற்றிப்போயிருந்தது. அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தன் மகனைப் பார்த்துக்கொண்ட நர்ஸிடம் பேச வேண்டும் என்றாள். ரெனே போனை என் பக்கம் திருப்பினார். அவள் நிதானமாக ஒன்று கேட்டாள். ரெனே அதை இங்கிலீஷில் சொல்லத் தயங்கினார். என்னவென்று கேட்டேன். உங்கள் மகனாக இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறாள் என்றார்.

தம்பி, அப்போது எனக்கு உன் முகம் வந்தது. அதை விரட்டிவிட்டுப் பதில் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நாங்கள் இப்படிக் கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் வைத்திருப்போம்: அது உங்கள் குடும்பத்தின் முடிவு, நாங்கள் சொல்லக் கூடாது. அது சரியான பதில்தான். ஆனால் அத்தனை கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இங்கிலீஷ் வரவில்லை. தமிழில்தான் வந்தது. "எம்புள்ளையா இருந்தா, அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியணும். பொட்டியில பூட்டி வச்சிருக்காங்கன்னு இருக்க முடியாது. அவன் இருக்குற எடத்துக்கு யாராச்சும் ஒரு மனுசி போயிப் பாத்துட்டு வந்தா, அதுபோதும்னு மனசத் தேத்திக்குவேன்" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "இங்க வச்சா, நான் போயிப் பாத்துக்குறேன்" என்றும் சொல்லிவிட்டேன். அதை இங்கிலீஷில் ரெனேவுக்குச் சொன்னேன், அவர் அவளுக்குச் சொன்னார்.  அவள், அந்த இடத்திலிருந்து கடல் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, காற்று வரும் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அந்த வாரம்தான் கடைமடைக்குக் காவிரித் தண்ணீர் வந்திருந்தது. முறைவைத்து விடுகிற தண்ணீர். நடவுக்கு ஆள் சொல்லியிருந்தார், வயலைவிட்டு அசைய முடியாத நேரம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. என்னத்த நம்பி இப்படி ஒரு வாக்குக் குடுத்துட்டு வந்த?" என்று கேட்டார். கோபம் இல்லை, ஆனால் பிடிக்கவும் இல்லை. வருடம் முழுவதும் ஒரு கல்லறைக்குப் போய்வருகிற பெண்டாட்டியைப் பற்றித் தெருவில் என்ன பேசுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ.  அந்த அம்மா என்னைக் கேட்ட கேள்வியை மட்டும் அவரிடமும் சொன்னேன். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். கை கழுவிவிட்டு வந்து, "எடுக்குறது எத்தன மணிக்கு?" என்றார்.

கல்லறைத் தோட்டத்துக்கு வரக் கப்பலில் ரெனேவுக்கும் கார்லோஸுக்கும் மட்டும்தான் அனுமதி கிடைத்தது. கார்லோஸ் ஈக்வடார்க்காரன், தளத்தில் வேலை பார்க்கிற மாலுமி, வில்மெரோடு ஒரே அறையில் படுத்தவன். பெட்டியைத் தூக்க ஆள் பற்றவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் ஒரு பக்கம் பிடித்தார். மண்டபத்தூரிலிருந்து வாளியில் மீன் கொடுத்த மீனவர்கள் இரண்டு பேர் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள், அவர்கள் ஒரு பக்கம். உன் அப்பா நடவு வயலிலிருந்து நேரே வந்தார். வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டு, தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே பெட்டிக்குக் கீழே தோளைக் கொடுத்தார். ஃபாதர் தமிழில் ஜெபம் சொன்னார். ரெனேவின் போனை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் ரோசா கறுப்பு உடுத்தித் தன் சமையல்கட்டில் நின்றாள். பின்னால் அக்கம்பக்கத்துப் பெண்கள். பெட்டியை இறக்குவதற்கு முன்னால் அவள் ஒன்று கேட்டாள். மகனுக்காகத் தங்கள் நாட்டுப் பண்ணைப் பாட முடியுமா என்றாள்.

ரெனேவும் கார்லோஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் அது தெரியாது. ஒருவர் ஹோண்டுராஸ், ஒருவன் ஈக்வடார். அவரவர் நாட்டுப் பண் அவரவருக்கு மனப்பாடம். பேசுகிறது ஒரே மொழிதான், ஆனால் பெருவின் பாட்டில் ஒரு வரிகூட வராது. மாதக்கணக்காக ஒரே தட்டில் சாப்பிட்டவனுக்கு அவன் நாட்டுப் பாட்டைப் பாட முடியவில்லையே என்று கார்லோஸ் கூனிக் குறுகிப்போனான். நான் ஒரே ஒரு முறை கேட்டவள், எனக்கு எப்படி வரும்? ரெனே தன் இன்னொரு போனில் தேடி அதைப் போட்டார். ராணுவ பேண்டு வாசித்த, பெரிய பாட்டுக்குழு பாடிய பதிவு. அந்தத் திறந்த வெளியில் அது மெலிந்து கேட்டது. ஆனாலும் எல்லாரும் விறைத்து நின்றோம். ரோசா நெஞ்சில் கை வைத்து நேராக நின்றாள், அழவில்லை. உன் அப்பாவும் மீனவர்களும் நின்றார்கள். அந்த மரியாதை நடந்து முடிந்தது.

பிறகு பெட்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். மண்ணைத் தள்ள வேண்டிய நேரத்தில் கார்லோஸ் தானாகவே பாட ஆரம்பித்தான். இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ தேடிக் கொடுத்த பாட்டு. ரெனே சேர்ந்துகொண்டார். அவர்கள் இரண்டு பேருடைய தாய்மார்களும் வீட்டில் கேசட்டில் போட்டுக் கேட்ட பாட்டாம் அது, கல்யாணங்களில் குடித்துவிட்டு ஆளுக்கு ஆள் தோளில் கை போட்டுப் பாடுவார்களாம். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாததால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் ரோசாவும் வாய் திறந்தாள். ஆனால் அவள் குரல் இங்கே வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. இவர்கள் ஒரு வரி முன்னால் போய்விட்டார்கள், அவள் பின்னால் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். கார்லோஸ் அதைக் கவனித்துவிட்டு நிறுத்தினான். அவள் குரல் வந்து அந்த வரி முடியும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பிறகு அடுத்த வரியைப் பாடினார்கள். மறுபடியும் காத்திருந்தார்கள். அப்படியே பாட்டு முழுவதும். ஃபாதர் காத்திருந்தார், மண்வெட்டியோடு குழிக்காரர் காத்திருந்தார். எனக்குப் போன் பிடித்த கை வலித்தது, அசைக்கவில்லை. ரோசா அப்போதுதான் அழுதாள். பாடிக்கொண்டே அழுதாள், ஆனால் ஒரு வரியையும் விடவில்லை. உன் அப்பா இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "மாசா மாசம் நான் கொண்டாந்து விடுறேன்" என்றார்.

அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கப்பலை ஏலத்தில் விற்று, மறு வருடம் அவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். நான் மாதத்துக்கு ஒரு முறை போகிறேன். கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் மெழுகுவத்தி ஏற்றும்போது நானும் ஏற்றுகிறேன். அங்கே நின்று ரோசாவைக் கூப்பிடுவேன். எங்களுக்குள் பாஷை இல்லை. நான் கல்லறையைக் காட்டுவேன், அவள் பார்த்துவிட்டுத் தன் அடுப்பை, தன் பேத்தியை, பழுது பார்த்த கூரையைக் காட்டுவாள். கல்லறையைச் சுற்றி நான் வெட்டிப் போட்ட புல்லைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ரெனே இப்போது ஸ்பெயினில் ஒரு துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவார். ஒருமுறை இப்படி எழுதியிருந்தார்: ஸ்பெயினின் நாட்டுப் பண்ணுக்குச் சொற்களே கிடையாது, வெறும் இசைதான், கால்பந்து மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் அதற்கு லாலாலா என்று பாடுகிறார்கள், முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, இப்போது அதுவும் நல்லதுதான் என்று தோன்றுகிறது, வெளியூர்க்காரனும் சேர்ந்துகொள்ளலாம்.

நீ போகிற கப்பலில் யாருடைய நாட்டுப் பண் ஒலித்தாலும், அந்த நாட்டான் ஒருவன்தான் இருந்தாலும், எழுந்து நில். நெஞ்சில் கை வைக்கிறவனைப் பார்த்துச் சிரிக்காதே. பள்ளிக்கூட வரிசையில் நின்று அடி வாங்கிக் கற்றுக்கொண்ட பாட்டு அது. ஆனால் அதோடு விட்டுவிடாதே. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருக்கிறவனிடம், உன் வீட்டுக் கல்யாணத்தில் எல்லாரும் சேர்ந்து பாடுவது எது, உன் அம்மா வேலை செய்துகொண்டே முனகுவது எது என்று கேட்டுத் தெரிந்துகொள். சம்பளத்தையும் முதலாளியையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் சண்டையில் முடியும், பாட்டைப் பற்றிப் பேசினால் ஆள் உட்கார்ந்துவிடுவான். ஒரு வரியாவது சேர்ந்து பாடப் பழகு. உனக்குக் குரல் வராது என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றி அவர்கள் கவலைப்படமாட்டார்கள். ஒருவன் காய்ச்சலில் கிடந்தால் அந்த ஒரு வரி மாத்திரைக்கு முன்னால் வேலை செய்யும். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

உன்னைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நீ ஆசைப்பட்டுப் படித்த படிப்பு, உன் கைக்கு இன்ஜின் பிடிக்கும். கடலில் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பொம்பளை கஞ்சி கொடுக்க இருப்பாள் என்று நம்பித்தான் தாய்மார்கள் அனுப்புகிறோம். நானும் அப்படித்தான் அனுப்புகிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு விஷயத்தில் தடுக்கி நிற்கிறேன். நீ எந்நேரமும் காதில் மாட்டிக்கொண்டு எதையோ கேட்கிறாய். கதவைத் திறந்து சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், சத்தத்தைக் குறை என்றிருக்கிறேன். என்ன பாட்டு என்று கேட்டதே இல்லை. ரோசாவுக்குத் தன் மகனின் பாட்டு தெரிந்திருந்தது, எனக்கு உன்னுடையது தெரியாது. கப்பலில் நீ நம்புகிற ஒருவன் கிடைத்ததும் முதலில் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடு. தமிழ்ச் சொற்கள் அவன் வாயில் எப்படி வந்தாலும் பரவாயில்லை, ராகம் தப்பாமல் இருந்தால் போதும். பிறகு எனக்கும் அனுப்பு. மத்தியானம் வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நான் கற்றுக்கொள்கிறேன்.

அம்மா